டைனமோவுக்கு எந்தக் கட்டவுட்? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பழைய அம்பாசடரோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ மொரிஸ் மைனரோ வைத்திருக்கும் வாசகர்கள் பலரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, அல்லது பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கட்டவுட் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருவது டைனமோ, அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்பும் சிறு பெட்டிதான் கட்டவுட். அதன் பிறகுதான் குழப்பம். பழைய பெட்டியையே சரிசெய்வதா? அதே உருவத்தில் புதிதாக விற்பதை வாங்குவதா? மூன்று காயில் உள்ளதற்கு மாறுவதா? எலக்ட்ரானிக் போடுவதா? இல்லை, டைனமோவையே கழற்றிப் போட்டுவிட்டு, பிற்காலக் கார்களில் அதன் வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டரை மாட்டிவிடுவதா?

எதை வாங்கினாலும் சரி, காரின் பெயரைச் சொல்லிக் கட்டவுட் கேட்காதீர்கள். டைனமோவின் உடலில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதைச் சொல்லிக் கேளுங்கள். ஐம்பது அறுபது வருடம் ஓடிய வண்டியில் இப்போது என்ன டைனமோ இருக்கிறது என்று கம்பெனிக் கையேடு சொல்லாது. நடுவில் யாரோ ஒருவர் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார். கட்டவுட் காருக்குப் பொருந்த வேண்டியதில்லை, டைனமோவுக்குப் பொருந்த வேண்டும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் 12 வோல்ட் லூகாஸ் டைனமோக்களைப் பற்றியது. பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்தவை அவை. 1961-ல் உருவாகி, சென்னை பாடியில் ஆலை கட்டிய லூகாஸ் டிவிஎஸ்ஸும் அதே வம்சம்தான். இலங்கையில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர்களுக்கும் கீழே சொல்வது அப்படியே பொருந்தும். அமெரிக்க வண்டிகள் வேறு ரகம், அவற்றை இடையிடையே தொட்டுச் செல்கிறேன்.

## முதலில் டைனமோவைச் சோதியுங்கள்

புதுக் கட்டவுட் மாட்டியும் சார்ஜ் ஏறாத கதைகள் நிறைய. கோளாறு டைனமோவில் இருந்திருக்கும், பழி பெட்டி மேல் விழுந்திருக்கும். வீட்டு வாசலிலேயே பார்த்துவிடக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. செலவு ஒரு சின்ன வயர் துண்டு மட்டும்.

ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லூகாஸ் டைனமோவின் பின்பக்கம் இரண்டு முனைகள் இருக்கும்: பெரியது டி, சின்னது எஃப். இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, டி-யையும் எஃப்-ஐயும் ஒரு வயர் துண்டால் இணையுங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனை அந்த இணைப்பில், இன்னொன்று டைனமோவின் உடலில். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். முள் தயங்காமல் சீராக ஏறினால் டைனமோ நல்லபடியாக இருக்கிறது. 20 வோல்ட்டைத் தொட விடாதீர்கள். கட்டவுட் இல்லாத டைனமோவைக் கட்டுப்படுத்த எதுவும் கிடையாது. வேகம் கூடக் கூட வோல்ட்டும் ஏறிக்கொண்டே போகும், காயில் கருகும்.

மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லையா, கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்திருக்கும், அல்லது உறையில் சிக்கியிருக்கும். 1 வோல்ட் அளவில் நின்றுவிட்டால், காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயில் மேல் சந்தேகம். 4, 5 வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர். இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் டைனமோ கட்டும் கடைக்குத்தான் போக வேண்டும். உலகத்திலேயே விலை உயர்ந்த கட்டவுட்டை மாட்டினாலும் பலன் இருக்காது.

## எதை எதைப் பொருத்திப் பார்ப்பது

ஃபீல்டு காயிலின் மறுமுனை எங்கே போகிறது? மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். லூகாஸ் டைனமோவில் ஃபீல்டு காயிலின் ஒரு முனை உள்ளேயே உடலோடு எர்த் ஆகியிருக்கும். கட்டவுட் மறுமுனைக்கு, அதாவது எஃப்-க்கு, மின்சாரத்தைக் கொடுத்தும் குறைத்தும் கட்டுப்படுத்தும். பழைய ஃபோர்டும் இதே முறை. இதை பி வகை என்பார்கள். வில்லிஸ் ஜீப்பில் வந்த ஆட்டோலைட், செவர்லேயில் வந்த டெல்கோ ரெமி ஆகியவை பெரும்பாலும் ஏ வகை. அங்கே ஃபீல்டு காயில் உள்ளே ஆர்மேச்சர் பிரஷ்ஷோடு சேர்ந்திருக்கும். கட்டவுட் எஃப் முனையை எர்த் செய்து கட்டுப்படுத்தும்.

இரண்டையும் மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? பெரிய தீப்பொறி எல்லாம் பறக்காது. ஃபீல்டு காயிலின் இரண்டு முனையும் ஒரே மின்னழுத்தத்தில் நின்றுவிடும், காந்தம் உண்டாகாது, சார்ஜ் வராது. "புதுப் பெட்டியும் போட்டாச்சு, அப்படின்னா டைனமோதான் போச்சு" என்று நல்ல டைனமோவைக் கழற்றிக் கட்டக் கொடுப்பார்கள். பணம் போவது இங்கேதான்.

வகையைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும், ஆனால் ஒரு சூட்சுமம். ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் பகுதிதான் கம்யூட்டேட்டர். பிரஷ் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஓம் அளந்தால் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும், ஏனென்றால் ஆர்மேச்சரின் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. பிரஷ்ஷுக்கும் கம்யூட்டேட்டருக்கும் நடுவில் ஒரு துண்டு தடித்த காகிதத்தைச் செருகிவிட்டு அளக்க வேண்டும். எஃப்-க்கும் உடலுக்கும் நடுவில் ஓம் காட்டினால் பி வகை. எஃப்-க்கும் பெரிய முனைக்கும் நடுவில் காட்டினால் ஏ வகை.

எத்தனை ஆம்பியர்? டைனமோவுக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் இழுத்தால் ஆர்மேச்சர் சூடேறி, கம்யூட்டேட்டரில் பற்ற வைத்த ஈயம் உருகி, சுழலும் வேகத்தில் வெளியே தெறிக்கும். டைனமோ கட்டுபவர் கழற்றியதும் உள்சுவரில் ஈயப் பொட்டுகளைக் காட்டினால், அந்த டைனமோ சக்திக்கு மீறி உழைத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கட்டவுட்டின் வேலையில் பாதி வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது, மறுபாதி இந்த ஆம்பியர் வரம்பைக் காப்பது.

ஃபீல்டு ரெசிஸ்டன்ஸ். 6 ஓம் காயில் என்றால் பெட்டிக்குள் திறந்து மூடும் தொடுமுனை, அதாவது பாயிண்ட், வழியாக 2 ஆம்பியர் போகும். 4.5 ஓம் என்றால் இரண்டரைக்கு மேல். 6 ஓமுக்குச் செய்த பெட்டியை 4.5 ஓம் டைனமோவில் மாட்டினால் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் பாயிண்ட் கருகும், ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பாயிண்ட் என்றால் கட்டுப்பாடு இல்லாத டைனமோ.

வோல்ட்டும் எர்த்தும். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எர்த் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பிரிட்டிஷ் கார்கள் 1960-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த். நம் ஊரில் எத்தனையோ வண்டிகளை இடையில் யாரோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள். புத்தகத்தை நம்பாமல், பேட்டரியின் எந்த முனை பாடியில் முடுக்கியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

உங்கள் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை பீச் ரோடு வரை போய் வரும் வண்டியும், மழை இரவில் திருச்சிக்குப் போகும் வண்டியும் ஒன்றில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இக்னிஷன் 3 ஆம்பியர், பழைய 40 வாட் பல்பில் டிம் லைட் இரண்டும் சேர்ந்து 7, பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட் விளக்குகள் 2, வைப்பர் 3. மொத்தம் 15. ஹெட்லைட்டில் 60/55 வாட் ஹாலோஜன் போட்டிருந்தால் 17. பிரேக்கை மிதிக்கும் நேரமெல்லாம் இன்னும் 3-க்கு மேல். 19 ஆம்பியர் டைனமோவுக்கு இதுவே விளிம்பு. இதற்கு மேல் மின்விசிறி, மியூசிக் சிஸ்டம் என்று போனால் எந்தக் கட்டவுட்டாலும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லூகாஸின் சி40 டைனமோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,450 சுற்று சுற்றினால்தான் சார்ஜ் செய்யும் அளவுக்கு வரும். ஐடிலில் அந்த வேகம் வராது. சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு மினுக்கினால் அது டைனமோவின் இயல்பு. அதற்காகக் கட்டவுட்டை மாற்றச் சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

லூகாஸ் வரிசையில் அடிக்கடி கண்ணில் படுபவை இவை:

| டைனமோ | உச்ச ஆம்பியர் | ஃபீல்டு ரெசிஸ்டன்ஸ் | பொருந்தும் கட்டவுட் |
|---|---|---|---|
| சி39 பிவி2 | 19 | சுமார் 6 ஓம் | ஆர்பி106/2 |
| சி40/1 | 22 | சுமார் 6 ஓம் | ஆர்பி106/2, அல்லது 22 ஆம்பியருக்கு அமைத்த ஆர்பி340 |
| சி40எல் | 25 | சுமார் 6 ஓம் | 25 ஆம்பியருக்கு அமைத்த ஆர்பி340 |
| சி42 | 30 | சுமார் 4.5 ஓம் | 30 ஆம்பியருக்கு அமைத்த ஆர்பி310 அல்லது ஆர்பி340 |

இதற்கெல்லாம் முந்திய வண்டி, ஃபோர்டு மாடல் ஏ போல மூன்றாவது பிரஷ் உள்ள டைனமோ என்றால், அதில் இருப்பது டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் வெறும் கட்டவுட் ரிலே மட்டும். சார்ஜின் அளவை அந்த மூன்றாவது பிரஷ்ஷை நகர்த்தித்தான் கூட்டிக் குறைப்பார்கள். அதில் மேலே சொன்ன பெட்டி எதையும் அப்படியே மாட்ட முடியாது.

## பழைய பெட்டியையே சரிசெய்வது

ஆர்பி106/2 பெட்டியைத் திறந்தால் இரண்டு காயில் இருக்கும். ஒன்றுதான் அசல் கட்டவுட், பெட்டி முழுவதையும் நாம் அழைப்பது இதன் பெயரால்தான்: டைனமோ வோல்ட் 13-ஐ ஒட்டி வந்ததும் பேட்டரியோடு சேர்த்துவிடும், எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும், இல்லாவிட்டால் பேட்டரி டைனமோவைச் சுற்றப் பார்க்கும். மற்றது ரெகுலேட்டர். அதன் மேல் மெல்லிய கம்பிச் சுற்று ஒன்று, தடித்த கம்பிச் சுற்று ஒன்று. மெல்லியது வோல்ட்டைப் பார்க்கிறது. தடித்ததன் வழியாக வண்டிக்குப் போகும் மின்சாரம் ஓடுகிறது. ஆம்பியர் கூடினால் அது வோல்ட்டைக் கீழே இறக்கி டைனமோவைக் காக்கும். எளிமையான, அழகான வேலைப்பாடு. ஆனால் அந்தத் தடித்த சுற்று எத்தனை ஆம்பியர் டைனமோவுக்குக் கணக்குப் போட்டுச் சுற்றப்பட்டது என்பதுதான் எல்லாமே. ஒரே உறை, ஒரே ஐந்து முனை, உள்ளே சுற்று வேறு. அதனால்தான் ஆர்பி106 என்ற பெயரிலேயே பல பாகம் எண்கள் வந்தன.

வண்டியோடு வந்த பெட்டி வண்டியோடு வந்த டைனமோவுக்குப் பொருந்தும் என்பது இந்த வழியின் பெரிய பலம். பெரும்பாலான நேரங்களில் கோளாறு பாயிண்ட் கருப்பேறியது மட்டும்தான். ரெகுலேட்டர் பாயிண்ட் கடினமான டங்ஸ்டன். அதை நைசான கார்போரண்டம் கல்லால் அல்லது சிலிகான் கார்பைடு தாளால் தேய்க்க வேண்டும். கட்டவுட் பாயிண்ட் மென்மையான உலோகம். அதற்கு நைசான கண்ணாடித் தாள் மட்டும்தான், கார்போரண்டமோ எமரியோ ஆகாது. இரண்டையும் கடைசியில் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். ஒரே உப்புத்தாளை இரண்டுக்கும் போடும் பட்டறையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

மறைமுகச் செலவு, ஆள் கிடைப்பது. அமைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். தெரிந்ததாகச் சொல்பவர்களில் சிலர் வண்டி ஓடும் நிலையில் பேட்டரியில் மீட்டரை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகுவார்கள். சரியான முறையில் ஏ, ஏ1 வயர்கள் இரண்டையும் பெட்டியிலிருந்து பிரித்து ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும். மீட்டரை டி-க்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்து, வேகத்தை மெதுவாக ஏற்றி, முள் ஒருமுறை துள்ளி நிற்கும் இடத்தைப் படிக்க வேண்டும். காயில் சூடேறினால் அளவு மாறிவிடும், ஆகவே 30 விநாடிக்குள் வேலையை முடிக்க வேண்டும். இந்த நிலையில் மீட்டர் 16 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், துல்லியமான எண் உங்கள் கார் கையேட்டில் இருக்கும். 16-ஐப் பார்த்ததும் பதறி, "பேட்டரி கொதிச்சிடும்" என்று 14-க்கு இறக்கி வைப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. பேட்டரியோடு இணைத்த பிறகு அந்தத் தடித்த சுற்று தானாகவே வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். முன்கூட்டியே குறைத்து வைத்தால் பேட்டரிக்கு எப்போதும் பாதிச் சாப்பாடுதான்.

காயில் கருகியிருந்தால், அல்லது அடியில் உள்ள ரெசிஸ்டன்ஸ் அறுந்திருந்தால், இந்த வழியை விட்டுவிடலாம்.

## அதே உருவில் புதிது

பார்க்கப் பழையது போலவே இருக்கும், மாட்டுவது சுலபம். ஏ, ஏ1, எஃப், டி, இ என்று அதே ஐந்து முனைகள், அதே வயர்கள்.

தரம்தான் பிரச்சினை. புதிதாக வரும் நகல்களில் நல்லதும் உண்டு, தடித்த சுற்றை ஏனோதானோ என்று சுற்றியதும் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. எந்த டைனமோவுக்கு, எத்தனை ஆம்பியருக்கு என்று விற்பவரிடம் கேளுங்கள். "எல்லாத்துக்கும் வரும்" என்ற பதில் வந்தால் நடையைக் கட்டலாம். இன்னொரு பொறியும் இருக்கிறது: ஆல்டர்னேட்டர் மாட்டியவர்கள் பழைய தோற்றத்துக்காக வைக்கும் காலிப் பெட்டிகளும் இதே உறையில் விற்கின்றன. அவற்றின் உள்ளே முனைகளை இணைக்கும் பட்டைகள் மட்டும்தான். மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் எப்போதாவது பெட்டி பிரிக்காத பழைய சரக்கு கிடைக்கும். என்னைக் கேட்டால், புது நகலைவிட இதற்கே என் ஓட்டு. பல வருடம் கிடந்ததால் பாயிண்ட்டில் பூத்திருக்கும், துடைத்தால் போதும். பாதத்தில் அடித்த பாகம் எண் மட்டும் உங்கள் டைனமோவுக்குப் பொருந்த வேண்டும். எதுவானாலும் மாட்டிய பிறகு மேலே சொன்னபடி ஒருமுறை அமைத்தாக வேண்டும். அந்தக் கூலியை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

## மூன்று காயில் பெட்டிக்கு மாறுவது

ஆர்பி340-ல் கட்டவுட், வோல்ட், ஆம்பியர் மூன்றுக்கும் தனித்தனிக் காயில். இரண்டு காயில் பெட்டி ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜைக் குறைத்துக்கொண்டே போகும். இதுவோ பேட்டரி நிரம்பும் வரை டைனமோவின் முழு ஆம்பியரையும் தந்துவிட்டு, பிறகு வோல்ட் கட்டுப்பாட்டுக்கு மாறும். ராத்திரி ஓட்டத்துக்குப் பின் பேட்டரி சீக்கிரம் மீளும். குறைந்த தூரம் ஓடும் வண்டிக்கு இது நிஜமான லாபம்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. முழு ஆம்பியர் என்பது எந்த டைனமோவின் முழு ஆம்பியர்? 30-க்கு அமைத்த பெட்டியை 19 ஆம்பியர் சி39-ல் மாட்டினால், இறங்கிய பேட்டரியோடு ஒரு நீண்ட பயணம் போதும், ஈயம் தெறிக்க. எதிர்ப்பக்கமாக மாட்டினால், ஃபீல்டு ஓம் ஒத்திருக்கும் வரை சேதமில்லை, பெரிய டைனமோவின் திறன் வீணாகும், அவ்வளவுதான். ஆகவே சந்தேகம் வந்தால் குறைந்த ஆம்பியர் பக்கம் சாயுங்கள்.

வயரிங்கில் மாற்றம் சிறியது. பழைய ஏ, ஏ1 இரண்டும் பி முனைக்கு வரும், எச்சரிக்கை விளக்கு டபிள்யூஎல் முனைக்கு. முனைகள் ஸ்க்ரூ இல்லாமல் செருகும் வகை என்பதால் வயர் நுனிகளை மாற்ற வேண்டியிருக்கும். அமைப்பதற்கு ஸ்க்ரூ கிடையாது, சிறு பல்சக்கரக் கருவியால் திருப்பும் கேம்கள். அந்தக் கருவி இல்லாத கடையில் இடுக்கியால் திருப்பிப் பல்லை உடைத்துவிடுவார்கள்.

சி39 வைத்திருப்பவர் இதற்கு மாற எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சி40எல் வைத்திருப்பவர் இதைத்தான் போட வேண்டும்.

## எலக்ட்ரானிக்

பழைய உறைக்குள்ளேயே அடங்கும் சின்னப் பலகை. பாயிண்ட் இல்லை, ஸ்பிரிங் இல்லை, தேய்மானம் இல்லை. வோல்ட் ஆடாமல் நிற்கும். இன்று கிடைக்கும் மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிக்கு இந்தச் சீரான சார்ஜ் பிடிக்கும். ரேடியோவில் கரகரப்பும் இருக்காது.

ஆனால் பொருத்தம் பார்ப்பதில் இதைவிடக் கண்டிப்பானது வேறில்லை. பழைய பெட்டிக்கு எர்த் எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயமில்லை. எலக்ட்ரானிக்கில் எர்த் தவறினால் அந்த நொடியே முடிந்தது, உத்தரவாதமும் முடிந்தது. ஏ வகையா பி வகையா, பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ்வா, எத்தனை ஆம்பியர் வரம்பு என்ற மூன்றையும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். ஆம்பியர் வரம்பே இல்லாத மலிவான பலகைகளும் உண்டு. அவை வோல்ட்டை மட்டும் பார்க்கும், டைனமோ என்ன பாடுபடுகிறது என்று பார்க்காது. அப்படிப்பட்டதைத் தொடாதீர்கள்.

மறைமுகச் செலவு டைனமோ பக்கம் வரும். தேய்ந்த பிரஷ், மேடு பள்ளமான கம்யூட்டேட்டர் என்றால் தீப்பொறி அதிகம். அந்தத் துள்ளல் வோல்ட்டைப் பழைய பெட்டி பொறுத்துக்கொள்ளும், பலகை பொறுக்காது. முதலில் டைனமோவை ஓவராயில் செய்துவிட்டு மாட்டுங்கள். அப்புறம், வழியில் பழுதானால் சாலையோரத்தில் செய்ய ஒன்றும் இல்லை. பழைய பெட்டியை டிக்கியில் போட்டு வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

## ஆல்டர்னேட்டர்

தினமும் ஓட்ட வேண்டும், இரவில் ஓட்ட வேண்டும், நெரிசலில் நிற்க வேண்டும் என்றால் நேர்மையான பதில் இதுதான். லூகாஸ் 16ஏசிஆர் 34 ஆம்பியர், 17ஏசிஆர் 36, ஐடிலிலேயே சார்ஜ் வரும். ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் பொருத்தம் பார்க்கும் தலைவலியும் இல்லை.

வாங்கும் விலை சின்னது, அதைச் சுற்றி வருவதுதான் பெரியது. வண்டி பாசிட்டிவ் எர்த் என்றால் முழுதாக நெகட்டிவ்வுக்கு மாற்ற வேண்டும்: பேட்டரி, இக்னிஷன் காயில் முனைகள், ரேடியோ, எலக்ட்ரானிக் டேக்கோமீட்டர் இருந்தால் அதுவும். 22 ஆம்பியருக்குப் போட்ட, அறுபது வருடப் பழைய பிரதான வயர் 36 ஆம்பியரைத் தாங்காது, தடித்த வயர் இழுக்க வேண்டும். டேஷ்போர்டில் 30 வரை மட்டுமே காட்டும் ஆம்ப் மீட்டர் இருந்தால் அதைச் சுற்றிலிருந்து விலக்க வேண்டும், இல்லையேல் தீ அபாயம். பிராக்கெட், புல்லி வரிசை தனி. எச்சரிக்கை விளக்கு 2.2 வாட் பல்பாகவே இருக்க வேண்டும், ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதே அதன் வழியாக வரும் மின்சாரத்தால்தான். ஆரம்பகால ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் போன்ற சில வண்டிகளில் டேக்கோமீட்டர் கேபிள் டைனமோவின் பின்னாலிருந்தே கிளம்பும். டைனமோ போனால் அதுவும் போய்விடும்.

டைனமோ உருவத்திலேயே செய்த ஆல்டர்னேட்டர்களும் வெளிநாட்டில் கிடைக்கின்றன. தோற்றம் கெடாது, பிராக்கெட் தொல்லை இல்லை. விலை மட்டும் மற்ற எல்லா வழிகளையும் தாண்டிப் போகும்.

## யாருக்கு எது

கண்காட்சிக்கும் ஞாயிறு ஓட்டத்துக்கும் மட்டும் வண்டி எடுப்பவர், பழைய பெட்டி கருகாமல் இருந்தால் அதையே சுத்தம் செய்து அமைக்கச் சொல்லுங்கள். இதுதான் மலிவும், வண்டிக்கு மரியாதையும். பெட்டி கருகிவிட்டது, டைனமோ சி39 அல்லது சி40/1 என்றால் பாகம் எண் பொருந்தும் பழைய சரக்கைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆம்பியர் வரம்புள்ள எலக்ட்ரானிக், அதற்கும் பின்னால்தான் புது நகல். சி40எல், சி42 என்றால் அந்தந்த ஆம்பியருக்கு அமைத்த மூன்று காயில் பெட்டி.

மாதத்தில் பல நாள் எடுக்கிறீர்கள், ஆனால் பெரும்பாலும் பகலில்தான் என்றால் ஓவராயில் செய்த டைனமோவும் எலக்ட்ரானிக்கும் நல்ல ஜோடி. ஹெட்லைட் மங்கல் மட்டுமே உங்கள் குறை என்றால், எதையும் வாங்கும் முன் ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு, எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள். பல வண்டிகளில் வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கூடுதல் மின்விசிறியோ ஏசியோ மாட்டியிருப்பவர்கள் நேராக ஆல்டர்னேட்டர் பகுதிக்குப் போகலாம்.

ஏ வகை அமெரிக்க டைனமோக்காரர்களுக்கு லூகாஸ் பெட்டி எதுவும் வேண்டாம். ஏ வகைக்கென்றே வரும் பெட்டியை, எர்த் துருவமும் பார்த்து வாங்குங்கள்.

## மாட்டிய பிறகு

டைனமோவைக் கழற்றி மாட்டியிருந்தாலும், எர்த் மாற்றியிருந்தாலும் அதற்குச் சரியான திசையில் காந்தத்தை ஊட்ட வேண்டும். லூகாஸில், டைனமோவின் எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை அந்த எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். ஏ வகை டைனமோவில் பெட்டியின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு நொடி இணைத்து எடுப்பார்கள். ஒன்றின் முறையை மற்றதில் செய்யாதீர்கள். லூகாஸில் எஃப் வயரைக் கழற்றாமலே தொட்டால் பேட்டரி மின்சாரம் பெட்டியின் பாயிண்ட் வழியாகப் பாயும், புதுப் பாயிண்ட் அங்கேயே கருகும்.

பிறகு எல்லா வயரையும் மாட்டி, எஞ்சினை ஐடிலுக்கு மேல் ஏற்றிப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். ஓரளவு நிரம்பிய பேட்டரியில் பதிமூன்றரைக்கும் பதினாலரைக்கும் நடுவில் நின்றால் ஜோடி பொருந்திவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டு, வைப்பரைப் போட்டு மறுபடி அளங்கள். வேகத்தில் இருக்கும்போதும் 12.5-க்குக் கீழே இறங்கினால், பெட்டியை மறுபடி திருகுவதற்கு முன் உங்கள் ஆம்பியர் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.